ராப் அட்டையில் தமிழ் எழுத்து
(சுபாங் ஜெயாவில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் நம்மிடையே ஒரு வழக்கம் உண்டு. திருக்குறள், சிலம்பு, பாரதி. கொஞ்சம் துணிந்தவர்கள் புதுக்கவிதை வரை வருவார்கள். அந்த வரிசையில் ராப் ஆல்பத்தின் அட்டையைப் பற்றிப் பேச ஓர் ஆளைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். பாட்டைப் பற்றிக்கூட இல்லை, அட்டையில் பெயரை எப்படி எழுதுகிறார்கள் என்பதைப் பற்றி. அழைப்பிதழைப் பார்த்த நண்பர் ஒருவர், "இதில் ஒரு மணி நேரம் பேச என்னய்யா இருக்கிறது?" என்று கேட்டார். நிறையவே இருக்கிறது. முன்வரிசைப் பெரியவர்கள் பொறுத்தருள வேண்டும். பின்வரிசை இளைஞர்கள் கைப்பேசியை உள்ளே வைக்க வேண்டாம். நான் பெயர் சொல்லும் அட்டைகளை அவ்வப்போது தேடிப் பாருங்கள், என் வேலை சுலபமாகும்.

ரன் டிஎம்சி என்ற நியூயார்க் குழுவிலிருந்து தொடங்குகிறேன். அவர்கள் பாட்டைக் கேட்டிராதவர்கள்கூட அவர்களுடைய சின்னத்தைப் பார்த்திருப்பீர்கள். பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் தொங்கும் டி-சட்டைகளில் பாதி அதன் பிள்ளைகள்தான். மேலே மூன்று எழுத்து, கீழே மூன்று எழுத்து, தலையிலும் காலிலும் தடித்த சிவப்புக் கோடு. 1986இல் லண்டனில் ஐலண்ட் ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த ஸ்டெஃபனி நாஷ் என்ற பெண் வடிவமைத்தது. புது எழுத்து எதையும் அவர் வரையவில்லை. ஃபிராங்க்ளின் காதிக் என்று, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வார்க்கப்பட்டு, செய்தித்தாள் தலைப்புகளில் காலம் தள்ளிய ஓர் எழுத்துரு. அதன் மிகத் தடித்த வடிவத்தை எடுத்து அடுக்கினார். இந்தக் குழுவின் சொற்கள் பெரியவை, குரல் கனமானது, எழுத்தும் அப்படி இருக்கட்டும் என்று நினைத்திருக்க வேண்டும். குழுவின் பெயர் உலகமெல்லாம் போயிற்று. வரைந்தவர் யார் என்பது பல ஆண்டுகள் வெளியே தெரியாமலே இருந்தது. இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அந்தச் சின்னம் ஏன் அவ்வளவு இறுக்கமாக நிற்கிறது? ரோமன் பெரிய எழுத்துகள் எல்லாமே ஒரே உயரம். தலையும் தட்டை, காலும் தட்டை. செங்கல் மாதிரி ஒன்றன்மேல் ஒன்றை வைக்கலாம், இடைவெளியே வேண்டாம். அதே சட்டகத்தில் தமிழை வைத்துப் பாருங்கள். டி-சட்டை அச்சடிப்பவர்கள் ஆசையாக வைத்துப் பார்க்கிறார்கள். மேல்வரியில் ஒரு கு, மு, து இருந்தால் அதன் வால் கீழ்வரியின் புள்ளியையோ கொக்கியையோ போய் இடிக்கிறது. இடிக்காமல் வரிகளை விலக்கினால் சின்னம் இரண்டு துண்டாகிறது. எழுத்தைச் சிறிதாக்கினால் சிவப்புக் கோடு மட்டும்தான் கண்ணில் படுகிறது. இதைத் தமிழின் குறை என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. நம்முடையதல்லாத ஒரு சட்டகத்தில் நம் எழுத்தை அடைத்துவிட்டுப் பிதுங்குகிறது என்று சொல்வதில் என்ன நியாயம்? இன்று நான் சொல்ல வந்ததெல்லாம் இந்த இடத்திலிருந்து கிளம்புவதுதான்.

ஹிப்-ஹாப்பின் எழுத்து இசைத்தட்டில் பிறக்கவில்லை. நியூயார்க் நகரின் சுவர்களிலும் சுரங்க ரயில் பெட்டிகளிலும் பிறந்தது. தாக்கி 183 என்று ஊரெங்கும் எழுதிக்கொண்டு திரிந்த இளைஞனைப் பற்றி 1971இல் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் ஃபேஸ் 2 என்ற பெயரில் எழுதியவர் காற்றடைத்த பலூன் போல உப்பிய எழுத்துகளைக் கொண்டுவந்தார். பிறகு அம்புகள் வந்தன. ஓர் எழுத்தின் கை இன்னோர் எழுத்தின் கழுத்தைச் சுற்றியது. வெளியாளுக்குப் படிக்கவே முடியாத அளவுக்குப் பின்னல் போட்டார்கள். படிக்க முடியாமல் இருப்பதே அதன் பெருமை. தெரிந்தவனுக்குத் தெரியும்.

இசைத்தட்டு வரும் முன்பே பிராங்ஸ் வட்டாரத்தில் விருந்துகளுக்குத் துண்டறிக்கை அடித்தார்கள். அவற்றை வரைந்தவர்களில் பெயர் பெற்றவர் பட்டி எஸ்கொயர். அவர் சுவர் எழுத்தின் காட்டுத்தனத்தைத் துண்டறிக்கையில் கொட்டவில்லை. பழைய சினிமா அரங்குகளின் முகப்பில் இருக்கும் ஆர்ட் டெக்கோ எழுத்தை எடுத்து, அளந்து, நிதானமாக வரைந்தார். ஏழைப் பேட்டையில் ஒரு பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்தில் நடக்கும் நிகழ்ச்சிக்கு மாளிகையின் வாசல் எழுத்து! எனக்கு மிகவும் பிடித்த வரலாறு இது. சுவர்க் கிறுக்கல்தான் ஹிப்-ஹாப் எழுத்து என்று நம் மாணவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தொடக்கத்திலேயே வேறொரு கையும் இருந்திருக்கிறது.

பிறகு வந்தவர்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1983இல் வந்த "பீட் பாப்" தட்டின் உறையை வரைந்தவர் ஓவியர் பாஸ்கியா. பப்ளிக் எனிமி குழுவின் குறிவட்டச் சின்னத்தை உருவாக்கியவர் அந்தக் குழுவின் பாடகர் சக் டி. அவர் அடெல்ஃபை பல்கலைக்கழகத்தில் வரைகலை படித்தவர். 1992இல் வந்த பீஸ்டி பாய்ஸின் "செக் யுவர் ஹெட்" அட்டை எழுத்து எரிக் ஹேஸின் கை. அவர் ரயில் பெட்டியில் எழுதிப் பழகியவர். வூ-டாங் கிளானின் அந்த ஒற்றை எழுத்துச் சின்னத்தை வரைந்தவர் அவர்கள் வட்டத்து டிஜே மேத்தமேட்டிக்ஸ். கவனியுங்கள்: பாடகன், டிஜே, சுவரில் எழுதும் தோழன். எழுத்தை வரைந்தவர்களில் பெரும்பாலோர் அந்தப் பேட்டைக்காரர்கள். அந்தப் பாட்டை யார் எந்த மூச்சில் சொல்வார்கள் என்று தெரிந்த கைகள்.

இனி நம் பக்கம் வருவோம்.

இந்த மண்டபம் நிற்கும் சுபாங் ஜெயா 1976 வரை ரப்பர்க் காடு. சீஃபீல்டு தோட்டம் என்று சொன்னால் முன்வரிசையில் சிலருக்குத் தெரியும். தோட்டம் போய் நகரமாயிற்று. எஸ்எஸ் 15இல் கல்லூரிகள் வந்தன, சன்வே வரை கலைக்கல்லூரிகள் வந்தன. தோட்டத்துப் பேரப்பிள்ளைகள் சிலர் இன்று அந்தக் கல்லூரிகளில் வரைகலை படிக்கிறார்கள். ராப் அட்டைகளை வரைபவர்கள் இவர்களும் கிள்ளான், காஜாங், செந்தூல் பக்கத்து இளைஞர்களும்தான்.

மலேசிய ராப்பில் தமிழ்ப் பிள்ளைகளின் வரலாறு போயட்டிக் அம்மோ என்ற குழுவிலிருந்து தொடங்குகிறது. யோகி பி, பாயின்ட் பிளாங்க், லேண்ட் ஸ்லைட், சி. லோகோ. அவர்களுடைய "இட்ஸ் எ நைஸ் டே டு பி அலைவ்" 1998இல் வந்தது. ஆங்கிலம், மலாய், தமிழ், கண்டனீஸ் என்று நான்கு மொழியும் அதில் உண்டு. நான்கு மொழிக்காரரும் கடையில் கையில் எடுக்க வேண்டுமென்றால் பெயர் ரோமன் எழுத்தில்தான் இருந்தாக வேண்டும். அங்கே எனக்குக் குறையே இல்லை. அந்தக் குழுவின் பெயரே ஆங்கிலம்.

2006இல் வந்த "வல்லவன்" வேறு வகை. யோகி பியும், ஈப்போவிலிருந்து வந்த டாக்டர் பர்ன், எம்சீ ஜெஸ் இருவரும் சேர்ந்த நட்சத்திராவும் கொடுத்த தமிழ் ராப் ஆல்பம். "நிழல்கள்" படத்துக்காக 1980இல் இளையராஜா இசையமைத்த "மடை திறந்து" பாட்டின் மேல் இவர்கள் கட்டிய பாட்டு தமிழ்நாட்டில் எப்படிப் பரவியது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து ஹிப்ஹாப் தமிழாவின் "ஹிப் ஹாப் தமிழன்" வருவதற்கு அப்போது இன்னும் ஆறு ஆண்டு இருந்தது. தமிழ் ராப்புக்குப் பாதை வெட்டியதில் நம் நாட்டுப் பங்கு பெரிது. சென்னைக்காரர்களே அதை ஒப்புக்கொள்கிறார்கள், பின்னால் "பொல்லாதவன்", "ஆடுகளம்", "காலா" என்று யோகி பியைக் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

அப்படியிருந்தும் அன்று முதல் இன்றுவரை நம் ராப் பாட்டுகளை இணையக் கடையில் தேடினால் பாட்டு தமிழ், பெயர் ரோமன். அட்டைகளிலும் பெரும்பாலும் அப்படித்தான்; தமிழ் எழுத்து வந்தால் மூலையில் ஒரு சின்ன வரியாக வரும். வாய் முழுக்கத் தமிழ் பேசும் பாட்டின் முகத்தில் தமிழ் ஏன் இரண்டாம் வரியில் நிற்கிறது?

பற்றில்லை என்று பழிபோட நான் தயாராக இல்லை. மூன்று காரணங்களாவது எனக்குத் தெரிகின்றன.

ஒன்று, படிக்கும் கண். நம் நாட்டில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன; எல்லாம் தொடக்கப்பள்ளி. இடைநிலைப் பள்ளியில் தமிழ் ஒரு பாடம், அதுவும் எடுத்தால். வீட்டில் மணிமணியாகத் தமிழ் பேசிவிட்டு வாட்சாப்பில் ரோமன் எழுத்தில் தமிழ் தட்டும் பிள்ளைகள் பல்லாயிரம். அவர்கள்தான் ராப்பின் முதல் ரசிகர்கள். அவர்களுக்குப் படிக்க வராத எழுத்தில் பெயரைப் போட்டுவிட்டு யாரிடம் விற்பது?

இரண்டாவது, பழகிய கை. கோலாலம்பூரில் கடைப் பெயர்ப்பலகைக்கு விதி உண்டு: தேசிய மொழி எடுப்பாக இருக்க வேண்டும், மற்ற மொழி அதைவிட அடக்கமாக. பிரிக்ஃபீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலும் மஸ்ஜித் இந்தியாவிலும் நடந்து பாருங்கள். தமிழ் இரண்டாவது அல்லது மூன்றாவது வரி. விதியைப் பற்றி நான் வாதாட வரவில்லை. ஆல்பம் அட்டைக்கு அந்த விதி கிடையாது. ஆனால் பிறந்ததிலிருந்து அந்த அடுக்கைப் பார்த்து வளர்ந்த கண், வெற்றுத்தாளை முன்னால் வைத்தாலும் தமிழை மூலையில்தான் வைக்கிறது. மாணவர்களிடம் நான் பார்க்கும் ஒன்று இது. ஏன் இங்கே வைத்தாய் என்று கேட்டால் பதில் இருக்காது.

மூன்றாவது, கருவி. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இளைஞர்களுக்கு அந்தக் காலத்துத் தொல்லை தெரியாது.

கணினித் தமிழில் மலேசியாவுக்குத் தனி இடம் உண்டு. முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் 1980களிலேயே தொடங்கிய முயற்சி. ஆப்பிள் கணினியில் கூடவே வரும் இணைமதி எழுத்துரு அவருடையது. இந்த வட்டாரத்துத் தமிழர் ஒருவரின் கைவண்ணம் உலகத்தில் ஒவ்வொரு மாக் கணினியிலும் உட்கார்ந்திருக்கிறது. மின்னஞ்சலுக்கும் செய்திக்கும் புத்தகத்துக்கும் வழி பிறந்துவிட்டது. அட்டை வரைபவரின் மேசையில் நிலைமை வேறு. யூனிகோடு தமிழைப் பழைய ஃபோட்டோஷாப்பில் ஒட்டினால் கொம்பு முன்னால் வருவதற்குப் பதில் பின்னால் போய் நிற்கும், கூடவே ஒரு புள்ளிவட்டம் முளைக்கும், மெய்யின் புள்ளி தன் எழுத்தை விட்டு விலகி அநாதையாகத் தொங்கும். அடோபி நிறுவனமே தன் பக்க வடிவமைப்பு மென்பொருளில் இந்திய எழுத்துகளுக்கு 2012இல்தான் ஒழுங்காக இடம் கொடுத்தது. அதற்கு முன் எல்லாரும் பழைய வகை எழுத்துருக்களை வைத்து ஒப்பேற்றினார்கள். ஆங்கில எழுத்தின் இருக்கையில் தமிழை உட்கார வைத்த எழுத்துருக்கள் அவை. அச்சகத்துக் கணினியில் அதே எழுத்துரு இல்லாவிட்டால் உங்கள் தமிழ் முழுவதும் ஆங்கிலக் குப்பையாகத் திறக்கும். அதனால் அனுப்பும் முன்பே எழுத்தை வளைகோட்டுப் படமாக மாற்றிவிடுவார்கள். மாற்றிய பிறகு எழுத்துப்பிழை கண்ணில் பட்டால்? திருத்த முடியாது, முதலிலிருந்து தட்ட வேண்டும். இரவு பன்னிரண்டு மணிக்கு யார் தட்டுவார்கள்! கொம்பு இடம் மாறி, புள்ளி தொலைந்து அச்சேறிய அட்டைகளுக்கும் பதாகைகளுக்கும் பாதிக் காரணம் இதுதான். அந்தப் பிழையோடு பச்சை குத்திக்கொண்டு நிற்பவர்களை நினைத்தால் இன்னும் பாவம்.

இத்தனை தொல்லைக்கு ரோமனில் போட்டுவிட்டுப் போகலாம் என்று ஒருவன் நினைத்தால் அவனை நான் கோபிக்க மாட்டேன். ஆனால் இன்று அந்தத் தொல்லை இல்லை. பழக்கம் மட்டும் மிச்சமிருக்கிறது.

சரி, வரையலாம் வாருங்கள். என் மாணவர்களுக்குக் கொடுக்கும் பயிற்சி ஒன்று: "வல்லவன்" என்ற சொல்லை ஓர் ஆல்பத்தின் பெயராக வரைந்து வா. கணினி கூடாது, தட்டை முனைப் பேனா அல்லது தூரிகை.

இந்தச் சொல் எழுத்து வரைபவனுக்குக் கிடைத்த வரம். ஐந்தே எழுத்து. கீழே இறங்கும் வால் ஒன்றுகூட இல்லை, மேலே ஏறும் கொக்கி இல்லை. எல்லாம் ஒரே கட்டத்துக்குள் நிற்கும். முதல் நான்கும் வ, ல, ல, வ என்று கண்ணாடியில் பார்த்தது போலத் திரும்பி வருகின்றன. ஐந்தாவதாக ன வந்து அந்தச் சமநிலையை உடைக்கிறது. இரண்டாம் எழுத்தின் தலையில் ஒரு புள்ளி, ஐந்தாம் எழுத்தின் தலையில் ஒரு புள்ளி. சொல்லிப் பாருங்கள், வல் என்று நாக்கு அழுந்தும் இடத்தில் ஒன்று, வன் என்று முடியும் இடத்தில் ஒன்று. தாளம் எங்கே விழுகிறதோ அங்கே புள்ளி. ரன் டிஎம்சியின் தடித்த அடுக்கு தமிழில் வேண்டுமென்று யாராவது அடம்பிடித்தால், இந்த மாதிரிச் சொல்லில் தாராளமாகச் செய்யலாம்.

"மடை திறந்து" கேட்டால் கதை மாறும். டையின் சங்கிலி, தியின் கொக்கி, றவின் கீழிறங்கும் கால், கடைசியில் துவின் வால். கட்டத்துக்குள் அடக்கப் பார்த்தால் தோற்பீர்கள். திறந்துவிட வேண்டும். நியூயார்க் பிள்ளைகள் ரோமன் எழுத்துக்கு அம்பும் வாலும் வெளியிலிருந்து ஒட்டவைத்தார்கள், அந்த எழுத்தில் அவை இயல்பாக இல்லாததால். நமக்கு வால் பிறவியிலேயே இருக்கிறது. கு ஒரு விதம், டு ஒரு விதம், பு நேராகக் கீழே, து சுழன்று. கடைசி துவின் வாலை இடப்பக்கம் ஓடவிட்டு முழுச் சொல்லுக்கும் அடிக்கோடாக்கலாம். எந்த எழுத்தாளனும் தன் கையெழுத்தில் தெரியாமலே செய்வதுதான் அது. ஆனால் நம் பிள்ளைகள் தமிழ்ச் சுவரெழுத்து வரையும்போது என்ன செய்கிறார்கள்? ரோமன் எழுத்தின் அம்பைக் கொண்டுவந்து க எழுத்தின் காதில் குத்துகிறார்கள். பேனா எந்தத் திசையில் ஓடி அந்த எழுத்து பிறந்தது என்று தெரிந்தால் அம்பு எங்கே முளைக்கும், எங்கே முளைக்காது என்பது தானாகத் தெரியும்.

புள்ளியைப் பற்றி ஒரு வார்த்தை. ஓலையில் புள்ளி வைப்பதில்லை, ஓலை கிழியும். அச்சு வந்த பிறகுதான் அது ஒழுங்காகக் குடியேறியது. 1578இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கத்திலிருந்து கணக்கிட்டாலும் நம் அச்சுக்கு நானூறு ஆண்டுக்கு மேல் வயது. அட்டை வரைபவர்கள் புள்ளியை நட்சத்திரமாக்குகிறார்கள், கிரீடமாக்குகிறார்கள், தோட்டா ஓட்டையாக்குகிறார்கள். செய்யட்டும். தொலைத்துவிடாமல் இருந்தால் போதும்.

அளவுக்கு வருகிறேன். பன்னிரண்டு அங்குல இசைத்தட்டு உறை ஏறக்குறைய ஓர் அடி அகலம். அதில் எவ்வளவு பின்னலும் போடலாம். கேசட் வந்ததும் அட்டை உள்ளங்கையளவு ஆயிற்று. கடையில் அடுக்கியிருக்கும்போது முதுகுப்பட்டை மட்டும்தான் தெரியும். சிடி பன்னிரண்டு சென்டிமீட்டர். அந்தப் பன்னிரண்டிலும் 2003 முதல் நம் நாட்டில் அரசாங்கத்தின் ஹாலோகிராம் வில்லை ஒட்டியாக வேண்டும், திருட்டு நகலைத் தடுக்க. எங்கே ஒட்டுவார்கள் என்று வரைந்தவனுக்குத் தெரியாது. தலைப்பின் மேலேயே மினுமினுக்கும். வேடிக்கை என்னவென்றால், நம் பையன்கள் தாங்களாகவே இன்னொரு வில்லையையும் வரைந்துகொள்வார்கள்: பெற்றோரை எச்சரிக்கும் அந்தக் கறுப்பு வெள்ளைக் கட்டம். அமெரிக்காவிலேயே அது சட்டமில்லை, இசை நிறுவனங்கள் தாமாக ஒப்புக்கொண்டு 1990இலிருந்து ஒரே வடிவில் போடுவது. சட்டம் கேட்கும் வில்லையைச் சபித்துக்கொண்டும், யாரும் கேட்காத வில்லையை ஆசையாகவும் ஒட்டினோம்.

இன்று அட்டையை மூவாயிரம் புள்ளிக்கு மூவாயிரம் புள்ளி அளவில் கேட்கிறார்கள். கடைசியில் அது கைப்பேசிப் பட்டியலில் சுண்டுவிரல் நகத்தளவில் நிற்கிறது. ரோமன் எழுத்து அங்கே தாக்குப்பிடிக்கும். தமிழில் சுழி அடைத்துக்கொள்ளும். தடித்த எழுத்தில் ண எழுதி நகத்தளவுக்குச் சுருக்குங்கள், மூன்று சுழியும் சேர்ந்து ஒரு கரும்பொட்டாகிவிடும். ன எது, ண எது என்று தெரியாது. இதற்கு வழி உண்டு. சுழியைத் தேவைக்கு மேல் பெரிதாகத் திறந்து வைப்பது, தடிப்பை நிமிர்ந்த கோட்டுக்குக் கொடுத்துச் சுழியைச் சன்னமாக்குவது, சொல்லை இரண்டு வரியாக்காமல் ஒரே வரியில் அட்டையின் முழு அகலத்துக்கும் இழுப்பது. பெரிய அட்டை வரைந்துவிட்டுச் சுருக்குவதற்குப் பதில் நகத்தளவில் முதலில் வரைந்து பாருங்கள் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். கேட்பவர்கள் குறைவு.

பொன்னும் வைரமுமாக மின்னும் எழுத்தைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. கேள்வி நேரத்தில் எப்படியும் கேட்பீர்கள். ஹூஸ்டன் நகரில் 1992இல் ஷான், ஆரன் என்ற பிராவ்ச் சகோதரர்கள் பென் அண்ட் பிக்சல் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். தெற்கத்திய ராப்பர்களுக்கு அட்டை செய்து கொடுத்தார்கள். ஒவ்வோர் எழுத்திலும் வைரம் பதித்து, பின்னால் மாளிகை, முன்னால் கார், வானத்தில் மின்னல். நாகரிகம் தெரிந்தவர்கள் அப்போது சிரித்தார்கள், இப்போது அருங்காட்சியகத்து மரியாதையோடு பேசுகிறார்கள். நம் பையன்களின் அட்டைகளில் வெள்ளி முலாம் பூசிய எழுத்தைப் பார்க்கும்போது அமெரிக்க நகல் என்று சொல்லிவிடுகிறோம். எனக்கு அதில் பாதிதான் சம்மதம். கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் தொங்கும் தீபாவளிப் பதாகையையும், கோயில் திருவிழா ஃபிளெக்ஸையும், பிறந்தநாள் வாழ்த்துப் பலகையையும் பாருங்கள். அதே முலாம், அதே நிழல், அதே மின்னல். அம்மன் பெயருக்கு மினுக்கிய எழுத்துதான் ராப்பர் பெயருக்கும் மினுக்குகிறது. வரைந்த கடையும் பல நேரம் ஒன்றே. இதை மட்டமான ரசனை என்று ஒதுக்கினால் நம் வட்டாரத்தின் ஒரே உயிருள்ள எழுத்துப் பட்டறையை ஒதுக்கியவர்களாவோம். லோரிக் கதவில் பெயர் எழுதியவர், தோட்டத்துக் கோயில் வளைவில் எழுதியவர், திரையரங்கத் தட்டியில் எழுதியவர் எல்லாரும் போய்விட்டார்கள், அவர்கள் தொழில் ஃபிளெக்ஸ் கடையில் போய்ச் சேர்ந்தது. கை மட்டும் சேரவில்லை.

அந்தக் கைக்கு வேறொரு வீடும் இருந்தது. தமிழ்நாட்டில் ஓவியர் ஆதிமூலம் சிற்றிதழ்களுக்கும் நூல் அட்டைகளுக்கும் எழுதிய எழுத்தைப் பாருங்கள். கோடு நடுங்கும், முறியும், ஆனால் ஒவ்வோர் எழுத்தும் நிற்கும். ராப் அட்டை வரையும் பிள்ளைகள் அவரைப் பார்க்க வேண்டும் என்று நான் சொன்னால் வியக்கிறார்கள். கோணலான எழுத்தில் எவ்வளவு அதிகாரம் இருக்கலாம் என்பதை நியூயார்க் போகாமலே அங்கே கற்கலாம். எழுத்துருவாக வேண்டுமென்றால் இன்று பஞ்சமில்லை. பிரியா ரவிச்சந்திரனின் கட்டமரன், இலங்கையின் தாரிக் அஸீஸ் செய்த பவனம், கவிவனர், எக் டைப் குழுவின் அனெக் தமிழ், எல்லாம் இலவசம். அனெக்கை அகலமாகவும் ஒடுக்கமாகவும் இழுத்துக்கொள்ளலாம். எடுத்து அப்படியே வைக்காதீர்கள், அடித்தளமாக வைத்து மேலே வரையுங்கள். ஸ்டெஃபனி நாஷ் செய்ததும் அதுதானே.

படிக்கும் கண் என்ற முதல் காரணத்துக்குத் திரும்புகிறேன். மாயா அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்று உலகம் அறிந்தவர், லண்டனில் சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸில் நுண்கலை படித்துவிட்டு அச்சுத்தகட்டு ஓவியங்களோடு பாட்டுக்கு வந்தவர். 2005இல் தந்தை பெயரில் ஓர் ஆல்பம், 2007இல் தாய் பெயரில் ஒன்று, 2010இல் தன் பெயரில் ஒன்று. கடைசியதில் "மாயா" என்பதை ரோமன் Y ஒன்றைத் தவிர மற்ற எழுத்துகளுக்குச் சாய்கோடுகளை வரிசையாக நிறுத்தி எழுதினார். தேடு பெட்டியில் தட்டினால் கிடைக்காது என்று கிண்டல் செய்தார்கள். எனக்கு அது துணிச்சலாகப்பட்டது. தன் பெயரைப் படிக்க எதிராளி கொஞ்சம் உழைக்கட்டும் என்று ஒரு தமிழ்ப் பெண் கேட்கிறாள். ரோமன் எழுத்தை வைத்தே அதைக் கேட்கலாம் என்றால், தமிழ் எழுத்தை வைத்துக் கேட்க நமக்கு ஏன் தயக்கம்? தமிழ் படிக்கத் தெரியாத பையன் அட்டையில் ஐந்து எழுத்தைப் படமாகவாவது அடையாளம் கண்டுகொள்வான். வூ-டாங் சின்னத்தை அணிந்து திரிபவர்களில் எத்தனை பேர் அந்தப் பாட்டைக் கேட்டார்கள்?

படிப்பவரைக் கொஞ்சம் உழைக்க வைக்கும் எழுத்து நம்மிடமும் உண்டு. 1978இல் தமிழ்நாட்டு அரசு எழுத்தைச் சீர்திருத்தியபோது ணை, லை, ளை, னை ஆகியவற்றின் துதிக்கை போயிற்று. இங்கும் நாம் புதிய வடிவத்துக்கு மாறினோம். பாடநூலுக்கு அது நல்லது, எனக்கு மறுப்பில்லை. ஆனால் தலைப்பு எழுத்தில் அந்தத் துதிக்கையைப் போல அழகான வளைவு ஒன்று கிடைப்பது அரிது. "தலைநகரம்" என்றோ "மலை" என்றோ ஒரு பாட்டுக்குப் பெயர் வைத்தால் ஒரு தடவை துதிக்கையோடு எழுதிப் பாருங்கள். தாத்தா உடனே படிப்பார், பேரன் ஒரு நொடி தடுமாறுவான். ராப் எழுத்தில் அந்த ஒரு நொடிக்கு விலை உண்டு.

கடைசியாக, முன்பு விட்டுவந்த விஷயம். வரைந்தவர் பெயர். சிடி இருந்தவரை உள்ளேயிருக்கும் சிறுநூலில் அட்டை வடிவமைப்பு இன்னார் என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். இன்று பாட்டு ஒலியோடை வழியாக வருகிறது. பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் என்று பெயர் காட்டுகிறார்கள், அட்டையை வரைந்தவரைக் காட்டும் வழக்கம் இல்லை. நம் வட்டாரத்தில் அவர் பெரும்பாலும் பாடகரின் கூட்டாளி; கூலி ஒரு வேளை பிரியாணி, சில சமயம் அதுவும் இல்லை. இன்னும் இருபது ஆண்டு கழித்து மலேசியத் தமிழ் ராப்பின் எழுத்து யாருடைய கை என்று ஒரு மாணவி ஆய்வு செய்ய வந்தால் அவளுக்கு எங்கே போகச் சொல்வோம்?

வெளியானவற்றின் படிகளைத் தேசிய நூலகத்தில் ஒப்படைக்கச் சொல்லும் நூலகப் பொருள் வைப்புச் சட்டம் இங்கே 1986ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. ஆனால் சொந்தக் காசில் நூறு இருநூறு சிடி அடித்து மேடைக்குப் பின்னால் விற்ற பையன்கள் யாரும் தேசிய நூலகத்தைத் தேடிப் போயிருப்பார்கள் என்று நான் நம்பவில்லை. அவை உங்கள் வீட்டு அலமாரியில்தான் இருக்கின்றன, மகன் வேலைக்குப் போன பிறகு அட்டைப் பெட்டியில் கட்டி வைத்தது. அறக்கட்டளைக்காரர்களிடம் என் கோரிக்கை ஒன்றுதான். அடுத்த ஆண்டு என்னைப் போல இன்னொருவரைக் கூப்பிட்டுப் பேச வைக்கும் செலவில் ஒரு பகுதியை ஒதுக்கி, இந்த வட்டாரக் கல்லூரி மாணவர்கள் நான்கு பேரைக் கிள்ளானுக்கும் பிரிக்ஃபீல்ட்ஸுக்கும் ஈப்போவுக்கும் அனுப்புங்கள். கேசட், சிடி அட்டைகளை முன்னும் பின்னும் முதுகுப்பட்டையும் சேர்த்துப் படம் பிடிக்கட்டும். வரைந்தவர் யார் என்று பாடகரிடமே கேட்டு எழுதிக்கொள்ளட்டும். பாடகர்களில் பெரும்பாலோர் இன்னும் இங்கேதான் இருக்கிறார்கள், தொலைபேசியில் கூப்பிட்டால் எடுப்பார்கள். முன்வரிசையில் இருப்பவர்கள் அதுவரை அந்தப் பெட்டியைப் பழைய பேப்பர்க்காரனுக்குப் போடாமல் வைத்திருங்கள்.